சிவப்பு நாவாய்ப்பூச்சியின் அண்டகத்தில் அமில பாஸ்பட்டேஸ் உண்மையிலேயே குறைகிறதா?

10 மார்ச் 2024, காலை. கேள்வி: காரைக்குடி ஆய்வு மாணவி

இலவ மரத்தடியில் பிடித்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை, ஊறவைத்த பருத்திக்கொட்டை கொடுத்து வளர்க்கிறேன். கடைசித் தோல் உரித்து முதிர்பூச்சியான நாளிலிருந்து கணக்கிட்டு, இரண்டாம், நான்காம், ஆறாம் நாள் பெண் பூச்சிகளின் அண்டகங்களை (முட்டை உருவாகும் உறுப்புகளை) எடுத்து, அமிலச் சூழலில் பாஸ்பேட்டைக் கழற்றும் அமில பாஸ்பட்டேஸ் நொதியின் செயல்பாட்டை அளந்தேன். கருவுக்கான உணவாகிய கருவுணவு முட்டையில் சேரும் காலத்தில் இந்த நொதி உயரும் என்றே படித்திருக்கிறேன். எனக்கோ, ஒரு மில்லிகிராம் புரதத்துக்குக் கிடைக்கும் மதிப்பு நாளுக்கு நாள் இறங்குகிறது. வழிகாட்டி ஐயா எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்கிறார். செய்முறையில் பிழையா, பூச்சியில் நடப்பதே இதுதானா?

10 மார்ச், இரவு. பதில்

மறுபடி செய்வதற்கு முன்னால் நீங்கள் வகுத்திருக்கும் முறையைப் பாருங்கள். உங்கள் எண் ஒரு பின்னம். மேலே நொதி, கீழே புரதம். ஈரல், தசை போன்ற திசுக்களில் கீழே உள்ள எண் சில நாட்களுக்குள் பெரிதாக அசையாது என்பதால், பின்னம் இறங்கினால் நொதி இறங்கியது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். முட்டை முதிர்ந்துகொண்டிருக்கும் பூச்சியின் அண்டகத்தில் அதற்கு இடமில்லை. கொழுப்புத் திசு விட்டெல்லோஜெனின் என்னும் புரதத்தை உண்டாக்கி பூச்சியின் இரத்தமான ஹீமோலிம்பில் விடுகிறது. வளரும் அண்டம் அதை உள்ளே இழுத்துக் கருவுணவாகச் சேர்த்து வைக்கிறது. சில நாட்களுக்குள் அண்டகத்தின் புரதம் பல மடங்காகிவிடுகிறது, அதில் மிகப் பெரும் பங்கு எந்த வேலையும் செய்யாமல் காத்திருக்கும் சேமிப்பு.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இளம் பெண்ணின் ஒரு ஜோடி அண்டகத்தில் 0.5 மில்லிகிராம் புரதமும் 10 அலகு நொதியும் இருந்தால், மில்லிகிராமுக்கு 20 அலகு. முட்டை முற்றிய பெண்ணிடம் 4 மில்லிகிராம் புரதமும் 40 அலகு நொதியும் இருந்தால், மில்லிகிராமுக்கு 10 அலகு. அட்டவணையில் நொதி பாதியாகிவிட்டதாகத் தெரியும். அண்டகத்திலோ அது நான்கு மடங்காகியிருக்கும். இரண்டு எண்களும் சரியானவையே. ஒன்றை மட்டும் அச்சிட்டுவிட்டு “செயல்பாடு குறைகிறது” என்று எழுதுவதுதான் தவறு. இவ்வகைக் கட்டுரைகள் பலவற்றை வாசித்தவன் என்ற முறையில், இந்த ஒரு வகுத்தலைப் பற்றி எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு.

ஆகவே இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் தாருங்கள்: மில்லிகிராம் புரதத்துக்கு ஒன்று, ஒரு பெண்ணின் அண்டக ஜோடிக்கு ஒன்று. அண்டகத்தின் ஈர எடையையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

11 மார்ச்

வகுத்தல் சரியாக இருந்தாலும் மேலே உள்ள எண்ணைக் கெடுக்கக்கூடியவை இரண்டு.

நொதியை அளக்க நீங்கள் பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட்டைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். நொதி அதை உடைக்கும்போது வெளிப்படும் பாரா-நைட்ரோபீனால் காரத்தில் மட்டுமே நல்ல மஞ்சளாக இருக்கும், பி.எச். 5 அளவில் அது ஏறக்குறைய நிறமற்றது. வினையை நிறுத்தச் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடுதான் நிறத்தையும் கொண்டுவருகிறது. அது குறைந்தால் 405 நானோமீட்டரில் கிடைக்கும் அளவு பொய்யாகிவிடும். கருவுணவு நிறைந்த கலவை தாங்கல் திறன் (பி.எச். எளிதில் மாறாமல் தடுக்கும் திறன்) மிகுந்தது என்பதால், ஆறாம் நாள் குழாய்க்கு இரண்டாம் நாள் குழாயைவிடக் கூடுதல் காரம் தேவைப்படலாம். பி.எச். தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது. அரைத்த கலவையைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் அளந்தீர்களா? அமில பாஸ்பட்டேஸ் பெரும்பாலும் சவ்வுப் பைகளுக்குள் அடைபட்டிருக்கும் நொதி. கருவுணவு மணிகளோடு சேர்ந்து அது அடியில் படிந்துவிட்டால், நீங்கள் அளக்க வேண்டியதில் ஒரு பங்கு கழுவுதொட்டிக்குப் போயிருக்கும். கருவுணவு மணிகள் பெருகப் பெருக இந்த இழப்பும் பெருகும். ஒரு பகுதியைச் சுழற்றாமல் வைத்து, சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டான் எக்ஸ்-100 சிறிதளவு சேர்த்து, சேர்க்காததோடு ஒப்பிடுங்கள்.

11 மார்ச், சற்று நேரம் கழித்து

புரத அளவீட்டைச் சொல்ல விட்டுப்போயிற்று. 1951-இல் வெளிவந்த லவுரி முறையையே இங்கே பல ஆய்வகங்கள் இன்னும் பின்பற்றுகின்றன, நல்ல முறைதான். ஆனால் டிரிஸ், ஈ.டி.டி.ஏ., சுக்ரோஸ் ஆகியவை அதில் குறுக்கிடும். கருவுணவின் கொழுப்பு கலங்கலை உண்டாக்கும். ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதத்தை வீழ்படிவாக்கி, அதைக் கரைத்து அளந்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

12 மார்ச். மாணவியின் பதில்

சுழற்றி, தெளிநீரை மட்டுமே அளந்தேன் ஐயா. அடிப்படிவு மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருந்தது. நாளை முழுக் கலவையையும் அளக்கிறேன். பனிக்கட்டி கிடைப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

12 மார்ச், இரவு

அந்த மஞ்சள் படிவைப் பத்திரமாக வையுங்கள். கேள்விக்கு விடை அதில் இருக்கக்கூடும்.

பனிக்கட்டிக்கு நானும் மீன் சந்தையைத்தான் நம்பியிருந்தேன். விடியலில் வாங்கி, மரத்தூள் நிரப்பிய பெட்டியில் வைத்தால் நண்பகல் வரை தாங்கும். அந்தப் பனிக்கட்டி குழாயின் வெளிப்புறத்தைக் குளிர்விக்க மட்டுமே. உருகிய நீர் மாதிரிக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. பங்குனி வெயிலில் காரைக்குடி ஆய்வகமேசை உடல் சூட்டைத் தொட்டுவிடும். ஒரு பூச்சியை அறுத்து அடுத்ததை எடுப்பதற்குள், முதல் அண்டகத்தில் புரதச் சிதைவு தொடங்கியிருக்கும். ஆறாம் நாள் அண்டகம் பெரிதாகவும் எளிதில் கிழிவதாகவும் இருப்பதால், அதை எடுக்கக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேர வேறுபாடும் உங்கள் எண்ணுக்குள் புகுந்துவிடுகிறது.

14 மார்ச்

தேவகோட்டையிலிருந்து எழுதிய விலங்கியல் ஆசிரியர் ஒருவர், “நொதியின் மொத்த அளவு உயர்ந்தால் அண்டகம் அதை உற்பத்தி செய்கிறது என்றுதானே பொருள்?” என்று கேட்டிருக்கிறார். அப்படிப் பொருள் கொள்ள முடியாது என்பதே என் கருத்து.

ஏடிஸ் ஈஜிப்டை கொசுவில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி ஒன்று உண்டு. இரத்தம் குடித்த பின் அதன் கொழுப்புத் திசு விட்டெல்லோஜெனினை மட்டும் உண்டாக்குவதில்லை. புரதத்தை உடைக்கும் இரண்டு நொதிகளை, அதாவது கேத்தெப்சின் பி வகையைச் சேர்ந்த ஒன்றையும், ஒரு கார்பாக்சிபெப்டிடேஸையும், செயல்படாத முன்வடிவில் உண்டாக்கி வெளிவிடுகிறது. வளரும் அண்டங்கள் இவற்றையும் கருவுணவோடு சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்கின்றன. பின்னாளில் கரு வளரும்போதுதான் இவை விழித்து, கருவுணவை உடைத்துக் கருவுக்குத் தருகின்றன. நம் பக்கத்துக் கல்யாணச் சீரில் அரிசி பருப்போடு அரிவாள்மணையும் ஆட்டுக்கல்லும் சேர்ந்தே போவது போல, உணவோடு அதைப் பக்குவப்படுத்தும் கருவியும் அதே வீட்டிலிருந்து வருகிறது. ஆகவே அண்டகத்தில் காணப்படும் நொதி, அண்டகம் செய்த நொதியாக இருக்க வேண்டியதில்லை. அதை அறிய, கொழுப்புத் திசுவையும் ஹீமோலிம்பையும் அதே நாளில் அதே பூச்சியிலிருந்து எடுத்து அளக்க வேண்டும்.

அண்டம் இவ்வளவையும் எப்படி உள்ளே இழுக்கிறது என்பதைக் காட்டியதும் இதே கொசுதான். 1964-இல் ராத், போர்ட்டர் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கொசுவின் அண்டங்களைப் பார்த்து, அண்டச் சவ்வில் சிறுகுழிகள் தோன்றி உள்வாங்கிப் பைகளாவதை விவரித்தார்கள். இரத்தம் குடித்த ஏழு மணி நேரத்தில் அக்குழிகள் சுமார் 15 மடங்காகி, ஓர் அண்டத்தில் மூன்று லட்சத்தை எட்டுகின்றன என்று கணித்தார்கள். செல்கள் வெளிப்பொருளைத் தேர்ந்தெடுத்து உள்ளெடுக்கும் வழியைப் பற்றிப் பின்னால் எழுந்த பெரிய புரிதலுக்கு, நம் வீட்டு அண்டாவில் வளரும் இந்தக் கொசுவின் அண்டகமே தொடக்கங்களில் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

14 மார்ச், பின்குறிப்பு

ஈக்களைப் பற்றிய நூல்களைப் பார்த்து இதை எழுதிவிடாதீர்கள். பழ ஈயில் விட்டெல்லோஜெனினுக்குப் பதில் வேறு கருவுணவுப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொழுப்புத் திசுவோடு அண்டகத்தில் அண்டத்தைச் சூழ்ந்திருக்கும் பாலிக்கிள் செல்களும் உண்டாக்குகின்றன. அப்புரதங்கள் லிப்பேஸ் நொதிகளின் உறவு, ஆனால் நொதித் தன்மையை இழந்தவை. அண்டகத்தின் அமைப்பும் வேறு. பழ ஈயில் ஒவ்வொரு அண்டத்தோடும் அதற்கு ஊட்டம் தரும் 15 செவிலிச் செல்கள் கூடவே வருகின்றன. கரப்பானில் செவிலிச் செல்களே கிடையாது. நாவாய்ப்பூச்சியில் செவிலிச் செல்கள் அண்டக்குழலின் நுனியில் ஒன்றாகத் தங்கி, நீண்ட ஊட்ட இழைகள் வழியாகக் கீழே உள்ள அண்டங்களுக்குப் பொருள் அனுப்புகின்றன. உங்கள் பூச்சியில் ஓர் அண்டகத்துக்கு ஏழு குழல்கள். முழு அண்டகத்தையும் அரைத்தால் நுனித் திசு, பாலிக்கிள் செல்கள், முற்றிய அண்டம், முற்றாத அண்டம் எல்லாம் ஒரே குழாயில் கலந்துவிடுகின்றன.

17 மார்ச்

கல்லல் பக்கத்தில் வெண்டை பயிரிடும் ஒருவர், வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் இந்தச் சிவப்புப் பூச்சி முட்டையிடாது என்பது உண்மையா, இந்த நொதி ஆராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்.

தொடர்பு உண்டு அண்ணே. வேம்பிலிருந்து 1968-இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின், பூச்சியின் மூளையை ஒட்டிய சுரப்பு ஒழுங்கைக் குலைக்கிறது. இளம்பருவ ஹார்மோன், தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோன் ஆகியவற்றின் அளவு தடுமாறுவதால் கொழுப்புத் திசு போதிய விட்டெல்லோஜெனினை உண்டாக்குவதில்லை, அண்டங்கள் வளராமல் நின்றுவிடுகின்றன. பாதி வளர்ந்தவை பல நேரம் கரைந்து உடலுக்குள்ளேயே திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வயலுக்குப் பரிந்துரைக்கப்படுவது 5 சதவீதச் சாறு. வெயிலில் அது விரைவில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. தெளித்த மறுநாள் பூச்சிகள் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதன் பெரும்பயன் அடுத்த தலைமுறை குறைவதில்தான் தெரியும். வயலோரம் பூவரசு இருந்தால் அதன் அடியில் உதிர்ந்த காய்களையும் அப்புறப்படுத்துங்கள். வெண்டை இல்லாத மாதங்களில் பூச்சி அங்கேதான் பிழைத்துக் கிடக்கிறது.

இங்கே மாணவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கரையும் அண்டங்களில் கருவுணவைச் செரிக்கும் லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) நொதிகள் முனைந்து வேலை செய்கின்றன. ஆகவே அமில பாஸ்பட்டேஸின் உயர்வு ஆரோக்கியமான முதிர்வையும் குறிக்கலாம், அதற்கு நேர்மாறான சிதைவையும் குறிக்கலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

18 மார்ச்

எனவே நாள் கணக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வந்தேன். சிவப்பு நாவாய்ப்பூச்சியின் பெண் வயிறாரத் தின்ற பிறகுதான் முட்டை வளர்க்கத் தொடங்கும். ஒரே நாளில் முதிர்பூச்சியான இரண்டு பெண்களில் ஒன்று கொட்டையைப் பற்றி உறிஞ்சிக்கொண்டும், மற்றொன்று ஜாடியின் மூலையில் பட்டினியாகவும் இருந்திருக்கும். நான்காம் நாளில் இரண்டின் அண்டகமும் வெவ்வேறு பருவத்தில் இருக்கும். இணை சேர்ந்ததா என்பதும் கணக்கில் வரும். கண்ணாடி வில்லையில் உப்புக் கரைசலில் குழல்களை விரித்து, குழலின் அடிமுனையில் உள்ள அண்டத்தின் நீளத்தை நுண்ணோக்கி அளவுகோலால் அளந்து, அந்த நீளத்தை வைத்தே குழுக்களாகப் பிரியுங்கள். நிறம் மாறி ஒழுங்கற்றுச் சுருங்கிய அண்டங்கள் தெரிந்தால் அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நாவாய்ப்பூச்சியின் உடலில் இந்தச் சமயத்தில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தின்னத் தொடங்கிய பெண்ணின் பறக்கும் தசைகள் கரைகின்றன. அந்தப் புரதம் அண்டங்களுக்குப் பயன்படுகிறது. பறந்து இரை தேடி அடைந்தபின், பறக்கும் உறுப்பையே முட்டைக்குக் கொடுத்துவிடும் உயிர் இது. மார்புத் தசையின் அமில பாஸ்பட்டேஸையும் கூடவே அளந்தால், உங்கள் ஆய்வேட்டில் அது தனி அத்தியாயமாக நிற்கும்.

18 மார்ச், இரவு

ஜாடியின் அடியில் செய்தித்தாள் விரிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆற்று மணலோ வெளுத்த பருத்தித் துணியோ போடுங்கள். இந்தக் குடும்பத்துப் பூச்சிக்கும் காகிதத்துக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஹார்வர்டுக்கு வந்த கரேல் ஸ்லாமா, தம்மோடு கொண்டுவந்த பைரோகோரிஸ் பூச்சிகள் அங்கே முதிர்பூச்சியாகாமல் குஞ்சுப் பருவத்திலேயே பெருத்துக்கொண்டு போவதைக் கண்டார். கரோல் வில்லியம்ஸோடு சேர்ந்து அவர் தேடியதில், ஜாடியில் இருந்த அமெரிக்கக் காகிதமே காரணம் என்று தெரிந்தது; 1965-இல் வெளியிட்டார்கள். காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் ஃபர் மரத்தில் இளம்பருவ ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருள் இருந்தது. உங்கள் பூச்சி அதே குடும்பம். முதிர்ந்த பெண்ணில் அண்டகத்தை இயக்குவதும் அதே ஹார்மோன்தான்: அதன் தூண்டுதலில் பாலிக்கிள் செல்கள் சுருங்கி, இடையே வழி விட்டு, விட்டெல்லோஜெனின் அண்டத்தை அடைய இடம் தருகின்றன. அந்தச் சுருக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் நொதி பங்கேற்கிறது என்பதை இரத்தம் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியான ரோட்னியஸில் டேவியின் குழுவினர் காட்டினார்கள். நமக்குக் கிடைக்கும் காகிதம் எந்த மரத்துக் கூழ் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட மணல் எளிது, பூச்சியும் ஈர மணலில்தான் முட்டையிடும்.

21 மார்ச்

தேவகோட்டை ஆசிரியர் திரும்பவும் எழுதியிருக்கிறார்: பாஸ்பட்டேஸ் என்பது பொதுவான நொதி, அதை அளப்பதால் முட்டை வளர்ச்சியைப் பற்றி என்னதான் தெரிந்துவிடும் என்று. நியாயமான கேள்வி, இதற்கு அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை, இரண்டு நாள் யோசித்தேன்.

பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் எந்தப் பூச்சியின் உடலிலும் இல்லாத பொருள். அதை உடைக்கும் நொதிகள் பல. அவற்றின் கூட்டு வேகத்தைத்தான் மஞ்சள் நிறம் சொல்கிறது. பட்டுப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அண்டகத்தில் எக்டைசோன் ஹார்மோனுடன் பாஸ்பேட் இணைக்கப்பட்டு, செயலற்ற வடிவில் முட்டைக்குள் சேமிக்கப்படுகிறது. உறங்குநிலைக்குப் போகாத முட்டைகளில், கரு வளரும்போது அந்த பாஸ்பேட்டைக் கழற்றும் தனி நொதி ஒன்று தோன்றி, ஹார்மோனை விடுவிக்கிறது. அதுவும் ஒரு பாஸ்பட்டேஸே. கருவுணவுப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றும் அமில பாஸ்பட்டேஸ் ரோட்னியஸ் முட்டையில் இருக்கிறது. அங்கே கருவுணவு மணிகள் அமிலமானால்தான் வேலை தொடங்குகிறது. அதுவரை நொதி இருந்தும் செயலற்றிருக்கிறது. நாமோ பி.எச். 5 தாங்கல் கரைசலில் போட்டு, அதற்கு உகந்த சூழலை முன்கூட்டியே கொடுத்து அளக்கிறோம். ஆகவே நாம் அளப்பது அந்த நேரத்தில் அண்டகத்தில் நடக்கும் வேலையை அல்ல, நடக்கக்கூடிய வேலையின் உச்ச வரம்பை. ஆசிரியரின் ஐயம் இந்த அளவுக்குச் சரி.

அதற்காக அளப்பதே வீண் என்பதை நான் ஏற்கவில்லை. டார்ட்டரேட் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்தால், லைசோசோம் வகை எவ்வளவு என்பதை ஓரளவு பிரிக்கலாம். டார்ட்டரேட் அதைத் தடுக்கும். நறுக்கிய துண்டங்களில் கோமோரி முறைப்படி ஈய நைட்ரேட்டும் கிளிசரோபாஸ்பேட்டும் கொண்டு வினைபுரியவிட்டு, பின் அம்மோனியம் சல்ஃபைடில் நனைத்தால், நொதி இருக்கும் இடத்தில் கரும்பழுப்புப் படிவு விழும். நுனித் திசுவிலா, பாலிக்கிள் செல்லிலா, அண்டத்தின் விளிம்பிலா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நொதியைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு சேர்த்த ஒரு துண்டத்தையும், கிளிசரோபாஸ்பேட் சேர்க்காத ஒரு துண்டத்தையும் பக்கத்திலேயே வைக்காத படத்தை நான் நம்புவதில்லை.

22 மார்ச்

அண்டாவைப் பற்றி எழுதியதும் ஒருவர் கேட்டார்: வளவில் மழைநீர் பிடித்து வைத்த அண்டாவின் உட்சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருப்பவை ஏடிஸ் முட்டைகளா? நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அவையே. இட்டவுடன் அவை வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கறுத்து இறுகும். அதுவும் நொதிகளின் வேலைதான்: அண்டகத்தின் பாலிக்கிள் செல்கள் முட்டையின் ஓடான கோரியான் உறையைப் படைக்கும்போதே டோபா டிகார்பாக்சிலேஸ், பீனால் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் ஆகியவற்றை அந்த ஏற்பாட்டுக்குள் சேர்த்துவிடுகின்றன. இறுகிய முட்டை நீரின்றி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே அண்டாவைக் கவிழ்த்து வெயிலில் வைப்பது போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

6 ஏப்ரல். மாணவி

முழுக் கலவையில் ட்ரைட்டான் சேர்த்து அளந்தேன். அண்டத்தின் நீளப்படி குழுக்கள் பிரித்தேன். ஒரு ஜோடி அண்டகத்துக்கான மதிப்பு குழுவுக்குக் குழு ஏறுகிறது. மில்லிகிராமுக்கான மதிப்பு முன்போலவே இறங்குகிறது, ஆனால் முன்பைவிட மெதுவாக. கடைசிக் குழுவில் மட்டும் இரண்டுமே திடீரென்று விழுகின்றன. முட்டையிடும் கட்டத்தில் நொதி நின்றுவிடுகிறது என்று எழுதலாமா ஐயா?

6 ஏப்ரல், இரவு

ஏறுவரிசையை நம்பி எழுதுங்கள், இரண்டு வரிசைகளையும் ஒரே படத்தில் போடுங்கள். கடைசிக் குழுவை இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்தக் குழுவில் முட்டையிட்டு முடித்த பெண்கள் கலந்திருந்தால், முட்டைகளோடு நொதியும் மணலுக்குப் போயிருக்கும். அப்போது விழுந்தது அண்டகத்தில் எஞ்சிய திசுவின் அளவே ஒழிய நொதியின் வேலை அல்ல. ஆனால் மில்லிகிராமுக்கான மதிப்பும் சேர்ந்து விழுந்திருப்பதை அது விளக்கவில்லை, கருவுணவு வெளியேறினால் அந்த எண் ஏறியிருக்க வேண்டும். கோரியான் உறை இறுகிய முட்டைகள் உங்கள் அரைகல்லில் முழுதாக உடையாமல் போயிருக்கக்கூடும்; உடையாத முட்டைக்குள் இருப்பது அளவில் வராது. அரைத்த கலவையில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து முழு முட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால், அந்தக் குழுவில் எத்தனை பெண்களின் குழல்களில் சுருங்கிய அண்டங்களைக் குறித்திருந்தீர்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.